எங்களைப் பற்றிய கணக்கு



இம்மாதம் கணினியில் வரையும் புள்ளிவிபரப் படங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். கொஞ்சம் பொறுங்கள். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களாகிய நாங்கள் இதுவரை எத்தனை படிவங்களை நிரப்பியிருக்கிறோம் என்று ஒருதரம் எண்ணிப் பாருங்கள். இடம்பெயர்ந்தபோது ஒன்று, மீளக் குடியமர்ந்தபோது ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, வாழ்வாதார உதவிக்கு ஒன்று, காணாமற்போனவருக்காக ஆணைக்குழுவுக்கு ஆணைக்குழு ஒவ்வொன்று, 2023 இலிருந்து அஸ்வெசுமவுக்கு ஒன்று. இத்தனை படிவங்களும் எங்கோ ஒரு மேசையில் எண்களாக மாறுகின்றன. எண்கள் படங்களாக மாறுகின்றன. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்ற முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அஸ்வெசுமவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் வறியதா இல்லையா என்பது 22 குறிகாட்டிகளுக்குக் கொடுக்கப்படும் புள்ளிகளைக் கூட்டித் தீர்மானிக்கப்பட்டது. எங்களைப் பற்றிய கணக்கு எங்களுக்கு விளங்காத மொழியில் இருக்கும்வரை அதை எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவும் எங்களால் முடியாது. இந்த விடயம் எங்களுக்கு ஏன் தேவை என்பதற்கு எனது பதில் இதுதான்.

தரவுகளைப் படமாக்குதல் என்பது புதிய சங்கதி அல்ல. வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊரான அராலியிலே விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கம் கணித்த காலம் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஒரு வருடத்து நாளையும் கோளையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எழுத்தறிந்த எவரும் ஒரு பார்வையில் பார்த்துக்கொள்ளும்படி வைப்பதும் தரவைக் காட்சியாக்குவதுதான். சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்து ‘இன்றைக்கு அட்டமி’ என்று சொல்லும் ஆச்சிக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

இக்காலத்துக் கணினிப் படங்களில் புதிதாக வந்திருப்பது, பார்ப்பவர் அதனோடு கதைக்கலாம் என்பதே. அச்சடித்த படம் தான் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். கணினிப் படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அதற்குள் இருக்கும் விபரம் விரியும். ஆண்டை மாற்றினால் கோடு அசையும். ‘யாழ்ப்பாணத்தை மட்டும் காட்டு’ என்றால் மற்றவை மறையும். ஊடாடும் படம் என்று இதனைச் சொல்கிறார்கள்.

இத்துறையின் முன்னோடிகளில் ஒரு பெண்ணும் இருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. புளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய தாதியாகத்தான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கிரிமியப் போரில் இறந்த பிரித்தானியப் படையினரை மாத வாரியாகக் கணக்கிட்டு, 1858 இல் ஒரு பூவைப்போல விரியும் படமாக அவர் வெளியிட்டார். ஒவ்வோர் இதழும் ஒரு மாதம். காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களுக்கு நீலம், ஏனையவற்றுக்குக் கறுப்பு. படத்தைப் பார்த்தால் நீலமே பரந்து கிடக்கும். எதிரியின் குண்டைவிட அழுக்குத் தண்ணீரும் அடைசலான ஆஸ்பத்திரியும்தான் கூடுதலான பேரைக் கொன்றன என்பதை நீண்ட அறிக்கைகளை வாசிக்காத மந்திரிமாரும் மறுக்க முடியாமற் போயிற்று. அன்புள்ள தாதி என்ற பிம்பத்துக்குள் கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண்ணை மறைத்துவைத்திருப்பதும் சமூகம் பெண்களைப் பார்க்கும் பார்வைதான்.

சுவீடன் நாட்டு வைத்தியப் பேராசிரியர் ஹான்ஸ் றொஸ்லிங் 2006 இல் ஆற்றிய உரையொன்று உலகமெங்கும் பேசப்பட்டது. நாடுகளைக் குமிழிகளாக்கி ஆண்டுக்கு ஆண்டு நகரவிட்டு, பிள்ளைகளின் இறப்பு எப்படிக் குறைந்தது என்று காட்டினார். அந்த உரையில் எங்கள் நாடும் வருகிறது. இலங்கை, துருக்கி ஆகிய இரண்டில் எங்கே குழந்தை இறப்பு அதிகம் என்று தன் மாணவர்களிடம் கேட்டதாகச் சொல்கிறார். சரியான பதில் துருக்கி. இலங்கையின் சுகாதார சேவைக்கு அது பெருமையே. ஆயினும் சமூகவியல் படித்தவளுக்கு இன்னொரு கேள்வி வருகிறது. அந்தக் குமிழிக்குள் நாங்கள் இருந்தோமா?

இல்லை என்பதே உண்மை. தாய் சேய் நலத்தை அளவிடும் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வு 2000 இலும் 2006/07 இலும் வட மாகாணத்தை விட்டுவிட்டே நடந்தது. 2016 இல்தான் நாடு முழுவதும் அதில் அடங்கியது. குடிசன மதிப்பீட்டை நோக்குவோமாயின், 1981 இற்குப் பிறகு 1991 இல் கணக்கெடுப்பே இல்லை; 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக முடிந்தது; 2012 இல்தான் மீண்டும் எல்லா மாவட்டங்களும் எண்ணப்பட்டன. யாழ் மாவட்டத்தில் 1981 இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012 இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். இந்த இரண்டு எண்களையும் இரு புள்ளிகளாக வைத்துக் கணினியிடம் கொடுத்தால் அது ஒரு நேர்கோட்டை இழுத்துவிடும், முப்பத்தொரு வருடமும் சனம் மெல்ல மெல்லக் குறைந்ததைப்போல. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவில் வலிகாமம் முழுவதும் செம்மணிப் பக்கமாக நடந்ததே, அந்த இரவு அந்தக் கோட்டில் எங்கே? ஆகவே ஒரு படத்தைப் பார்க்கும்போது என்ன வரைந்திருக்கிறது என்று பார்ப்பதோடு, எண்ணப்படாமல் விடப்பட்டவர் யார் என்றும் பார்க்கப் பழக வேண்டும்.

இதற்கு எங்கள் மண்ணிலேயே நடந்த ஓர் உதாரணம் இருக்கிறது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரி 8 ஆந் திகதி நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 யூலைவரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்ததாகப் பதிவானவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? இத்தனை பேர் இறந்தார்கள் என்று ஆண்டகை சொல்லவில்லை. கணக்கில் வராத இவர்களைப் பற்றி விளக்கம் தாருங்கள் என்றே கேட்டார். கணினியும் இல்லை, வர்ணப்படமும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கழித்தல். ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒருவர் தேவைப்பட்டார். ஆண்டகை 2021 ஏப்ரல் முதலாந் திகதி காலமானார். அவரது கேள்வி அப்படியே இருக்கிறது.

இன்னொரு முறையும் உண்டு. 2018 டிசெம்பரில் இரண்டு சர்வதேச மனித உரிமை அமைப்புகள் இணைந்து, 2009 மே 17 முதல் 19 வரை படையினரிடம் சரணடைந்து காணாமலாக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர் என மதிப்பிட்டன. எப்படி? வெவ்வேறு ஆட்கள் தனித்தனியாகச் சேர்த்த பெயர்ப் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். இதைக் கடலேரியில் மீன் எண்ணுவதுபோல் விளங்கிக்கொள்ளலாம். இன்று நூறு மீனைப் பிடித்து அடையாளமிட்டு விடுகிறோம். நாளை இன்னொரு நூறைப் பிடிக்கிறோம். அதில் தொண்ணூறில் அடையாளம் இருந்தால் ஏரியில் மீன் குறைவு. ஐந்தில் மட்டும் இருந்தால் நாங்கள் காணாத மீன் ஏராளம். பட்டியல்களும் அவ்வாறே. ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் விடுபட்டவர்கள் சிலரே. வராவிட்டால் எந்தப் பட்டியலிலும் ஏறாதவர்கள் பலர்.

இதை நான் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் விளங்கப்படுத்தியபோது, பின்னுக்கு இருந்த ஓர் அம்மா கேட்டார்: “அப்ப பிள்ளை, உந்தப் படத்தில என்ர மகன் எந்தப் புள்ளி?”

மதிப்பீட்டில் புள்ளிக்குப் பெயர் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். “பெயர் இல்லாட்டி அது என்ர பிள்ளை இல்லை” என்றார். புள்ளிவிபரவியல் புத்தகங்களில் இதற்கு விடை இல்லை. ஆனால் அவர் சொன்னது சரி. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆந் திகதி தாய்மார் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கியபோது கொட்டகை முழுவதும் பிள்ளைகளின் போட்டோக்களைத் தொங்கவிட்டார்கள். ஒரு படத்துக்கு ஒரு பெயர், ஒரு திகதி. அவையும் தரவுக் காட்சிதான். அதில் மகனின் பெயரைத் தாய் தன் கையாலேயே எழுதினாள்.

எண்ணையும் சாட்சியத்தையும் சேர்த்துவைக்கும் வழியொன்றைக் கென்யாவில் கண்டார்கள். 2007 கடைசியில் அங்கே தேர்தலின் பின் கலவரம் மூண்டது. செய்திகள் முடக்கப்பட்ட நிலையில், ஓரி ஒக்கொல்லோ என்ற பெண் சட்டத்தரணி தனது வலைப்பதிவில் மக்கள் அனுப்பிய தகவல்களைப் போட்டுவந்தார். தனியொருவரால் சமாளிக்க முடியாத அளவுக்குத் தகவல்கள் குவிந்தபோது, 2008 ஜனவரியில் அவரும் நண்பர்களும் சேர்ந்து சில நாட்களிலேயே ஒரு வரைபடத்தை உருவாக்கினார்கள். எங்கு என்ன நடந்தது என்று போனில் குறுந்தகவல் அனுப்பினால் அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். அதற்கு உஷாகிடி என்று பெயர் வைத்தார்கள். சுவாகிலி மொழியில் சாட்சியம் என்று பொருள். பிறகு 2010 இல் எகிப்தில் வீதியில் பெண்களுக்கு நடக்கும் தொந்தரவுகளைப் பதிவதற்கும் இத்தகைய வரைபடமொன்று தொடங்கப்பட்டது.

ஊர்ப் பெண்கள் வரைபடம் வரைவது எங்களுக்கும் புதிதல்ல. 2000 களில் தொண்டு நிறுவனங்கள் வந்து எங்களை நிலத்தில் இருத்தி, கோலமாவால் ஊர்ப்படம் கீறச் சொன்னது நினைவிருக்கிறதா? கிணற்றுக்கு ஒரு கல், விதவைப் பெண் இருக்கும் வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. எல்லோரும் சுற்றிநின்று “உது அங்காலை வரவேணும்” என்று தள்ளித்தள்ளி வைத்தோம். தொட்டு மாற்றும் படம் என்றால் அதைவிட வேறென்ன? பின்பு வந்தவர்கள் அதைக் கடதாசியில் பிரதியெடுத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கு ஒரு பிரதி வைத்துவிட்டுப் போனவர்கள் மிகக் குறைவு. மாவைக் கூட்டி அள்ளியது நாங்கள்.

இனி நாங்களே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சங்கத்துப் பெண்களோடு நான் முதலில் செய்துபார்த்தது நுண்கடன் கணக்கு. கூகுளின் இலவச அட்டவணைச் செயலி போனிலேயே வேலை செய்யும். உதாரணத்துக்கு 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,200 ரூபா வீதம் 52 கிழமை. மொத்தம் 62,400. வட்டி 12,400. ‘நூற்றுக்கு 25 கூட இல்லை’ என்று வாசலில் வந்து நிற்பவர் சொல்வார். அட்டவணையில் ஒவ்வொரு கிழமையும் மிஞ்சும் முதலை ஒரு நிரலிலும் அக்கிழமைக்கு அறவிடும் வட்டியை அடுத்த நிரலிலும் போட்டு இரண்டையும் கோடாக்கினோம். முதல் படியிறங்குவதுபோல் கீழே வருகிறது. வட்டி 238 ரூபாவில் மட்டமாகவே போகிறது. 50,000 ரூபா கையில் இருந்த கிழமையும் 238. கடைசிக் கிழமை 962 ரூபா மட்டும் மிச்சமிருக்கும்போதும் அதே 238. குறைந்துசெல்லும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் அந்தக் கடனின் உண்மையான வருட வட்டி நூற்றுக்கு 45 அளவில் வரும்.

பிறகு ஒரு கட்டத்தில் இருந்த 1,200 ஐ அழித்து 1,100 என்று போடச் சொன்னேன். கோடு இறங்கியது. 45 என்றிருந்தது 27 ஆயிற்று. கிழமைக்கு நூறு ரூபா! “அப்ப அந்தத் தம்பி எங்களுக்குச் சொன்னது?” என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் தங்கள் தங்கள் கடன் புத்தகத்தை எடுக்க வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசு முன்வந்ததைப் பலர் அறிவீர்கள். அந்த நிலைக்குப் போகுமுன் கையெழுத்து வைக்கும்போதே இப்படமொன்று கையில் இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

கடன் கணக்குப்போல வீட்டோடு வைத்திராமல் வெளியே காட்ட வேண்டிய எண்களும் உண்டு. பிள்ளைகள் எவரும் கணினி படிக்கிறார்களாயின் டேட்டாராப்பர், ஃப்ளரிஷ் ஆகிய இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நிரல் எழுதத் தெரியாமலே தொட்டால் விரியும் படங்களை இலவசமாகச் செய்யலாம். செய்த படத்தை வேர்ட்பிரஸ், புளொக்கர் போன்ற வலைப்பதிவுக் கருவிகளில் இரண்டு பந்தி எழுத்துக்கு நடுவே பொருத்தலாம். ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் சங்கங்களின் பழைய அறிக்கைகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அவற்றை அப்படியே போட்டால் எழுத்தெல்லாம் குழம்பி ஆங்கிலக் கீறல்களாக வரும். முதலில் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்குரிய இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு.

எண்கள் கையில் இல்லையென்றால் கேட்டுப் பெறலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் பிரதேச செயலகத்திலோ கச்சேரியிலோ விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வேலை நாள் 14 இற்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் அறிவிக்க வேண்டும். எங்கள் பகுதிக்குச் சங்கானையில் உள்ள பிரதேச செயலகம். ‘எல்லா விபரமும் தாருங்கள்’ என்று எழுதாதீர்கள். எந்தத் திட்டம், எந்த ஆண்டு, எந்தக் கிராம அலுவலர் பிரிவு என்று திட்டமாகக் கேளுங்கள்.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். திரையில் ஒரு வரைபடம். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு செம்புள்ளி. உத்தியோகத்தர் ஒரு புள்ளியைத் தொட்டார். வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, தொலைபேசி இலக்கம் எல்லாம் விரிந்தன. மண்டபத்தில் கைதட்டல். எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்தார். “உது என்ர ஒழுங்கை எல்லோ” என்றார். இரண்டு குமர்ப் பிள்ளைகளோடு தனித்திருப்பவர். அந்த ஒழுங்கையில் அப்படியான வீடு அவருடையது ஒன்றுதான். பெயரில்லாவிட்டாலும் அந்தப் புள்ளி யாரென்று ஊரே சொல்லும். இரவில் படலையைத் தட்ட வருபவனுக்கும் அதுவே வழிகாட்டி. கூட்டம் முடிந்ததும் அந்த உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னேன். “இது உங்களுக்கு உதவி செய்யத்தானே” என்றார். அவர் நல்ல எண்ணத்தோடு செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அக்காவுக்கு அன்றிரவு அது உதவவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியிருக்கிறது. ஆனால் சட்டம் படலையில் வந்து நிற்காது.

ஆகையால் எங்கள் சங்கத்தில் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். வீடு வீடாகப் புள்ளி வைப்பதில்லை. ஊர் முழுவதற்கும் ஒரே எண். ஐந்துக்குக் குறைவான எண் எதுவும் படத்தில் வராது. பெயர்கள் எழுதிய கொப்பி ஓரிடத்தில், எண்கள் வேறிடத்தில். போனில் எடுத்த போட்டோவில் இடவிபரம் ஒளிந்திருக்கும் என்பதால் அதை நீக்காமல் ஏற்றுவதில்லை. தலையை ஆட்டியதைச் சம்மதமாக எடுப்பதில்லை. வரைந்த படத்தை முதலில் அவரிடமே காட்டிக் கேட்கிறோம்.

மகனின் பெயர் வரவேண்டும் என்ற அம்மாவையும் தன் ஒழுங்கை வரக்கூடாது என்ற அக்காவையும் ஒரே விதிக்குள் அடக்க முடியுமா என்று பல நாள் யோசித்தேன். அடக்கத் தேவையில்லை என்பதே என் முடிவு. யாருடைய வாழ்க்கையோ, அவர் சொல்லட்டும். அம்மா கேட்டபடியே மகனின் பெயரையும் திகதியையும் ஒரு பக்கத்தில் ஏற்றினோம். அக்காவின் புள்ளியை எடுத்துவிடும்படி அவரே கையெழுத்திட்டு அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு எடுத்தார்கள்.

இப்போது சங்கத்துப் பெண்கள் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு கையெழுத்துக்காகவோ ஒரு சான்றிதழுக்காகவோ கந்தோருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கொப்பியில் குறிக்கிறார்கள். திகதி, பஸ் காசு, காத்திருந்த நேரம், கிடைத்த பதில். ‘நாளைக்கு வாங்கோ’ என்பதற்கு மட்டும் ஒரு தனிநிறம் வேண்டுமாம். மஞ்சள் என்று முடிவாகியுள்ளது. நீங்களும் உங்கள் ஊரில் ஒரு மாதம் குறித்து, இப்பகுதிக்குத் தபாலில் அனுப்பலாம். சாதாரணக் கடதாசி போதும். பெயர் எழுதவேண்டாம். பிரதேச செயலகப் பிரிவை மட்டும் எழுதுங்கள்.